‘வயிறு வலிக்கிறது’ என்பதற்குள் எத்தனை சொற்கள்

பள்ளிக்குக் கிளம்பும் நேரம். ஒரு காலில் ஷூ மாட்டியாகிவிட்டது. இன்னொன்று கையில் இருக்கிறது. என் ஆறு வயது மகன் அப்படியே தரையில் உட்கார்ந்துகொண்டு, “வயிறு வலிக்கிறது” என்றான். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இல்லை. முந்தின இரவு வயிறாரச் சாப்பிட்டுவிட்டுத்தான் படுத்தான். “பள்ளிக்கூடம் போகப் பயமாக இருக்கிறதா?” என்று கேட்டேன். ஆமாம் என்று தலையாட்டினான். யாரைப் பார்த்துப் பயம், ஆசிரியரையா, பெரிய வகுப்புப் பையன்களையா என்று நான் அடுக்கிக்கொண்டே போன எல்லாவற்றுக்கும் அதே தலையாட்டல்தான். விஷயம் மறுநாள் மாலைதான் வெளியே வந்தது. அதுவும் பொம்மைக் காரை உருட்டிக்கொண்டே, யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னான்: இரண்டு நாட்களாக அவனுடைய நண்பன் வேறொரு பையன் பக்கத்தில் போய் உட்காருகிறானாம்.

அதில் பயம் எங்கே இருக்கிறது? கொஞ்சம் பொறாமை இருக்கலாம். தன்னை விட்டுவிட்டார்கள் என்ற வருத்தம் இருக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, பழையபடி ஆகாதா என்ற ஏக்கம். ‘பயம்’ என்பது நான் கொடுத்த சொல். அதைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் வைக்க அவனிடம் வேறு சொல் இல்லை; நீட்டியதை வாங்கிக்கொண்டான். குழந்தைகளுக்கு உணர்ச்சிகளின் பெயர்களைச் சொல்லித்தருவது பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு அந்தத் தலையாட்டல்தான் நினைவுக்கு வருகிறது. சொல் இல்லாதது ஒரு சிக்கல். அவசரப்பட்டுத் தவறான சொல்லைக் கையில் திணிப்பது இன்னொரு சிக்கல். அக்கறையுள்ள பெற்றோர் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இரண்டாவதில்தான்.

வயிற்று வலியைப் பொய் என்று நினைத்துவிட வேண்டாம். மனம் கலங்கினால் வயிறும் கலங்கும். குடலுக்கும் மூளைக்கும் இடையே அவ்வளவு நெருக்கமான நரம்புத் தொடர்பு இருக்கிறது. வலி அடிக்கடி வந்தால் மருத்துவரிடம் காட்டத்தான் வேண்டும். ஆனால் உடம்புக்குள் ஏற்படும் எந்தச் சங்கடத்துக்கும் ‘வலி’ என்ற ஒரே பெயரை மட்டும் அறிந்திருக்கும் குழந்தை, எது நடந்தாலும் அந்தப் பெயரைத்தான் சொல்லும்.

பெரியவர்களுக்கும் இது நேர்கிறது. பசிபிக் பெருங்கடலின் தாஹிதியில் 1960களில் ஆய்வு செய்தவர் ராபர்ட் லெவி. மனநல மருத்துவர், மானிடவியலாளரும்கூட. அங்கே கோபத்தின் வகைகளைச் சொல்ல ஏராளமான சொற்கள் இருந்தன, துக்கத்துக்கு அப்படித் தனிச்சொல் இல்லை என்பதை அவர் கவனித்தார். அன்புக்குரியவரைப் பிரிந்தவர்கள் தங்கள் நிலையைச் சோர்வு என்றோ, உடம்பு கனக்கிறது என்றோ, நோய் என்றோ விவரித்தார்கள். 1970களின் தொடக்கத்தில் பீட்டர் சிஃப்னியோஸ் என்ற மனநல மருத்துவர், உடல் உபாதைகளை மணிக்கணக்கில் சொல்லியும் மனத்தில் என்ன என்று கேட்டால் திகைத்து நிற்கும் நோயாளிகளின் நிலைக்கு ‘அலெக்சிதைமியா’ என்று பெயர் வைத்தார். கிரேக்க வேர்களைப் பிரித்தால், உணர்ச்சிக்குச் சொல் இல்லாமை என்று பொருள்.

ஆறு வயதுக்காரனின் நிலை நோயல்ல, பருவம். இரண்டரை வயதுக்குள்ளேயே பல குழந்தைகள் மகிழ்ச்சி, பயம், அழுகை, கோபம் பற்றிய சொற்களை உதிர்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். சொல் வாயில் வந்துவிட்டது என்பதால் பொருளும் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஷெரி வைடன், ஜேம்ஸ் ரசல் ஆகிய இரு உளவியலாளர்கள் குழந்தைகளிடம் முகப்படங்களைக் காட்டிப் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார்கள். அவர்கள் கண்டது இது: குழந்தையின் கையில் முதலில் இருப்பவை இரண்டே பெட்டிகள், நல்லது ஒன்று, கெட்டது ஒன்று. மகிழ்ச்சி முதலில் தெளிவாகிறது. கெட்டது என்ற பெட்டி சிறிது சிறிதாக உடைந்து கோபம், வருத்தம் எனப் பிரிகிறது. பயமும் வியப்பும் பிறகு வருகின்றன. அருவருப்பு கடைசி. அருவருப்பில் சுளிக்கும் முகத்தைக் காட்டினால், பள்ளிக்குச் செல்லும் வயதிலும் கணிசமான குழந்தைகள் அதைக் கோபம் என்றே சொல்கிறார்கள்.

வகுப்பறைச் சுவர்களில் தொங்கும் வட்ட முக அட்டவணைகளில் எனக்கு நம்பிக்கை குறைந்ததற்கு இதுவே காரணம். வாய் மேலே வளைந்தால் மகிழ்ச்சி, கீழே வளைந்தால் சோகம், புருவம் நெரிந்தால் கோபம். அச்சிட்டு ஒட்டுவதற்கு எளிது. ஆனால் வருத்தத்தில் இருக்கும் குழந்தை துள்ளிக் குதித்துக் கூச்சல் போடும்; பயந்த குழந்தை பல்லைக் காட்டிச் சிரிக்கும்; பொறாமைக்கு முகமே கிடையாது. அட்டவணை முகத்துக்குப் பெயர் வைக்கிறது. குழந்தைக்குத் தேவைப்படுவது, தனக்குள் நடப்பதற்கும் அதற்கு முன் நடந்ததற்கும் இடையே ஒரு முடிச்சு.

இரண்டு உணர்ச்சிகள் ஒன்றாக வருவது இன்னும் பிந்திப் புரியும் விஷயம். ஒரே நேரத்தில் மகிழ்ச்சியாகவும் வருத்தமாகவும் இருக்க முடியுமா என்று ஐந்து வயதுக் குழந்தையைக் கேட்டால், முடியாது என்றே பெரும்பாலும் பதில் வரும். ஏழெட்டு வயதுக்கு மேல்தான் அது மெல்லப் பிடிபடத் தொடங்குகிறது. தம்பி பிறந்த வீட்டில், “நீ சந்தோஷமாகத்தானே இருக்கிறாய்?” என்று நாலு வயது அக்காவைக் கேட்பவர்கள் இதை நினைத்துக்கொள்வது நல்லது. அவள் ‘ஆமாம்’ என்று சொன்னால் அதில் பாதிதான் உண்மை. மீதியைச் சொல்ல அவளுக்கு இன்னும் வழி இல்லை.

வயது ஏற ஏற எல்லாம் தெளிவாகிவிடும் என்றும் சொல்வதற்கில்லை. எரிக் நூக் என்ற உளவியலாளரும் உடன் ஆய்வாளர்களும் 2018இல் வெளியிட்ட ஆய்வில் ஐந்து வயது முதல் இருபத்தைந்து வரை உள்ளவர்களைப் பார்த்தார்கள். சிறு குழந்தைகள் ஒரு நேரத்தில் ஒரே உணர்ச்சியைத்தான் சொன்னார்கள். அதனாலேயே அவர்கள் பதில்கள் துல்லியமாகத் தெரிந்தன. பதின்ம வயதில் பல உணர்ச்சிகள் சேர்ந்து வருவதாகச் சொல்லத் தொடங்கியபோது, எது எது என்று பிரித்துச் சொல்லும் திறன் இறங்கியது. வாலிபத்தை எட்டும்போது மறுபடி ஏறியது. எட்டு வயதில் பாடம் முடிந்துவிட்டது என்று ஓய்ந்துவிட்ட பெற்றோர், பதினாலு வயது மகளின் “ஒன்றும் இல்லை, விடுங்கள்” என்ற பதிலில் திரும்பவும் தொடக்கத்துக்கே வந்து நிற்பது இதனால்தான்.

சரி, பெயர் சொன்னால் அப்படி என்ன நடந்துவிடுகிறது? இந்தத் துறையில் அடிக்கடி சொல்லப்படுவது மேத்யூ லீபர்மன் குழுவினரின் 2007ஆம் ஆண்டு ஆய்வு. பெரியவர்களை ஸ்கேன் இயந்திரத்துக்குள் படுக்கவைத்து, கோபமும் பயமும் தெரியும் முகங்களைக் காட்டினார்கள். அந்த முகத்தின் உணர்ச்சிக்குச் சொல்லைத் தேர்ந்தெடுத்தபோது, அபாயத்தை உணர்ந்து துள்ளும் மூளைப்பகுதியான அமிக்டலாவின் செயல்பாடு குறைந்தது; நெற்றிப் பக்கத்தில் உள்ள ஒரு பகுதியின் செயல்பாடு கூடியது. அதே முகத்துக்கு ஓர் ஆள்பெயரைத் தேர்ந்தெடுத்தபோது அப்படி நடக்கவில்லை. 2012இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், சிலந்திக்கு அஞ்சுகிறவர்களை உயிருள்ள பெரிய சிலந்தியின் பக்கத்தில் நிறுத்தினார்கள். ‘இது என்னை ஒன்றும் செய்யாது’ என்று தங்களையே தேற்றிக்கொண்டவர்களும் இருந்தார்கள். ‘எனக்குப் பயமாக இருக்கிறது, பார்க்கவே நடுங்குகிறது’ என்று உள்ளதைச் சொன்னவர்களும் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது, உள்ளதைச் சொன்னவர்களின் உடலில்தான் அச்சத்தின் அறிகுறிகள் குறைந்திருந்தன.

இதை வைத்துக்கொண்டு ‘பெயரிடு, அடங்கிவிடும்’ என்று விளம்பரம் செய்கிறவர்கள் 2021ஆம் ஆண்டின் ஓர் ஆய்வைச் சொல்வதில்லை. அதைச் செய்ததும் மேலே சொன்ன நூக் குழுவினர்தான். மனத்தைக் கலக்கும் படங்களைப் பார்த்தவர்களில், முதலில் உணர்ச்சிக்குப் பெயர் வைத்துவிட்டுப் பிறகு அதை வேறு கோணத்தில் பார்க்க முயன்றவர்களுக்கு அந்த முயற்சி கடினமாக இருந்தது. சொல் ஒரு அச்சுபோல. குழைவாக இருந்ததை இறுக்கிவிடவும் செய்கிறது. ‘இது அநியாயம், எனக்கு ஆத்திரம்’ என்று சொல்லிவிட்ட பிறகு, ஒருவேளை அது வெறும் களைப்பாக இருக்குமோ என்று யோசிக்க இடம் இல்லாமல் போகிறது. என் மகனுக்கு நான் கொடுத்த ‘பயம்’ செய்ததும் ஏறக்குறைய அதுவே. ஒரு நாள் முழுக்க இருவரும் இல்லாத பயத்தைத் தேடிக்கொண்டிருந்தோம்.

சொல்லின் பலத்தை இன்னும் கூர்மையாகக் காட்டுவது, காது கேளாத குழந்தைகளின் அனுபவம். அவர்களில் பெரும்பாலோர் கேட்கும் திறனுள்ள பெற்றோருக்கே பிறக்கிறார்கள். வீட்டில் சைகை மொழி இல்லையென்றால், ‘தண்ணீர்’, ‘வா’, ‘போ’ என்பவை எப்படியோ வந்துசேரும். ‘நீ இல்லாதபோது உன் தங்கை தவித்துப்போனாள்’ என்பது வந்துசேராது. பிறர் மனத்தைப் புரிந்துகொள்வதில் இந்தக் குழந்தைகள் பின்தங்குவதை ஆய்வுகள் காட்டின. சைகை மொழி பேசும் பெற்றோரிடம் வளரும் காது கேளாத குழந்தைகளிடம் அந்தப் பின்தங்கல் இல்லை. ஆக, குறை காதில் இல்லை; கிடைக்காமல் போன பேச்சில் இருந்தது. 1980களில் அமெரிக்காவில் மார்க் கிரீன்பெர்க்கும் கரோல் குஷேயும் ‘பாத்ஸ்’ என்ற பாடத்திட்டத்தை முதலில் இந்தக் குழந்தைகளுக்காகவே உருவாக்கினார்கள். உணர்ச்சிகளுக்குப் பெயர் கற்பிப்பது அதன் நடுநாயகம். பிறகுதான் அது பொதுப் பள்ளிகளுக்குப் போனது.

தமிழில் இதைச் செய்யப் புகும்போது ஒன்று கண்ணில் படுகிறது. நம்மிடம் சொல்லுக்குப் பஞ்சமே இல்லை. குழந்தையிடம் பேசும்போது மட்டும் கஞ்சத்தனம். கோபம், சந்தோஷம், பயம், அழுகை, மிஞ்சினால் ‘போர் அடிக்கிறது’. இந்த ஐந்தோடு பல வீடுகளில் கணக்கு முடிந்துவிடுகிறது.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளை அடுக்குகிறது: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. அது செய்யுளுக்கான இலக்கணம், குழந்தை வளர்ப்புக்கானதல்ல என்பது தெரியும். ஆனாலும் அதன் அமைப்பைப் பாருங்கள். மெய் என்றால் உடல். உள்ளே எழுந்து உடலில் புலப்படுவதே மெய்ப்பாடு. பெயரோடு நிறுத்தாமல் ஒவ்வொன்றுக்கும் நான்கு காரணங்களைக் கொடுக்கிறது. பெருமிதம் கல்வியாலும், அஞ்சாமையான தறுகணாலும், புகழான இசைமையாலும், கொடையாலும் வரும். மருட்கை என்ற வியப்புக்கு வழிகள் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். மிகப் பெரியதைக் கண்டு வியப்பதை எல்லாரும் சொல்வார்கள்; மிகச் சிறியதைக் கண்டும் வியப்பு வரும் என்று எழுதிவைத்தவர், எறும்புப் புற்றின் முன் குந்தியிருக்கும் குழந்தையைப் பார்த்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். உடல், பெயர், காரணம். இந்த மூன்றையும் சேர்த்துச் சொல்வதைத்தான் இன்றைய பாடத்திட்டங்களும் சுற்றிச்சுற்றிச் சொல்கின்றன.

உடலிலிருந்து தொடங்குவதற்குத் தமிழில் ஒரு பெரிய வசதி உண்டு. திக்கென்றது, பக்கென்றது, சுருக்கென்றது, படபடவென்று அடித்துக்கொண்டது, குப்பென்று வியர்த்தது. ‘பதற்றம்’ என்ற சொல் மூன்று வயதுக் குழந்தைக்கு வெறும் ஓசை. ‘நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறதா?’ என்று கேட்டால், அது தன் நெஞ்சில் கையை வைத்துப் பார்க்கும். யாரோ கேலி செய்தபோது எப்படி இருந்தது என்பதற்கு ‘சுருக்கென்று இருந்தது’ என்று ஒரு குழந்தையால் சொல்ல முடிந்தால், ‘மனம் புண்பட்டது’ என்ற பெரிய தொடர் பிறகு சாவகாசமாக வந்துகொள்ளும். இந்த ஒலிக்குறிப்புச் சொற்களை மழலையோடு சேர்த்துத் தள்ளிவிடுகிறோம். எனக்கென்னவோ இவைதான் முதல் படி என்று தோன்றுகிறது.

அடுத்தது இலக்கணம். ‘எனக்குக் கோபம் வருகிறது’ என்கிறோம். ‘அவளுக்கு அழுகை வந்தது’, ‘கோபம் தணிந்துவிட்டதா?’, ‘மனம் ஆறியதா?’. இந்த வாக்கியங்களில் உணர்ச்சி ஆளிடம் வருவது, பிறகு போவது. ஆளே அதுவாகிவிடுவதில்லை. மொழி தானாகவே செய்துகொடுத்திருக்கும் இந்த ஏற்பாட்டை நாம் ஒரு பெயர்ச்சொல்லால் கெடுக்கிறோம்: கோபக்காரன், அழுமூஞ்சி, பயந்தாங்கொள்ளி, சிடுமூஞ்சி, தொட்டாற்சுருங்கி. விருந்தாளி வந்திருக்கும்போது சிரித்துக்கொண்டே சொல்லப்படுபவை இவை. ‘அவனுக்குப் பயம் வந்தது’ என்றால் அது போய்விடும் என்ற நம்பிக்கை வாக்கியத்துக்குள்ளேயே இருக்கிறது. ‘அவன் பயந்தாங்கொள்ளி’ என்றால் போவதற்கு என்ன இருக்கிறது, அவனேதான் போக வேண்டும்.

பிறகு வருவது நுணுக்கம். ‘வெட்கம்’ என்ற ஒரு சொல்லின் கீழ் நாம் குவித்துவைப்பதைப் பாருங்கள். புதியவரைக் கண்டு அம்மாவின் பின்னால் ஒளியும் குழந்தைக்கு ‘வெட்கம்’ என்கிறோம். வகுப்பில் கால்சட்டை நனைந்து மற்றவர்கள் சிரித்துவிட, இனிப் பள்ளிக்கே போக மாட்டேன் என்கிற குழந்தைக்கும் ‘வெட்கம்’. அண்ணனின் பென்சிலை உடைத்துப் பைக்குள் மறைத்துவிட்டு யார் முகத்தையும் பார்க்காத குழந்தையைப் பார்த்து “வெட்கமாக இல்லையா?” என்கிறோம். முதலாவது கூச்சம், அதற்கு வேண்டியது கொஞ்ச நேரம், நெருக்காமல் இருப்பது. இரண்டாவது அவமானம்; அங்கே யாராவது தன் பக்கம் நிற்கிறார்கள் என்று தெரிய வேண்டும். மூன்றாவது உறுத்தல், அது ஒட்டுப்போட்ட பென்சிலாலும் ஒரு மன்னிப்பாலும் கரையும். உறுத்தலோடு இருக்கும் பிள்ளையை அவமானத்துக்குத் தள்ளிவிட்டால் அடுத்த முறை பென்சிலை இன்னும் ஆழமாக மறைப்பான். இங்கே சொல்லைப் பிரிப்பது அலங்காரத்துக்காக அல்ல. அடுத்து என்ன செய்வது என்பது அதிலிருந்துதான் தெரிகிறது.

ஒற்றைச் சொல் கிடைக்காத இடங்களும் உண்டு. கட்டைகளை அடுக்குகிறாள் ஒரு சிறுமி. நாலாவது கட்டையில் சரிகிறது. மறுபடி அடுக்குகிறாள், மறுபடி சரிகிறது. எல்லாவற்றையும் கையால் வாரி அறைக்குள் இறைக்கிறாள். இது கோபம் மட்டும் அல்ல. ஏமாற்றம் என்றும் முழுதாகச் சொல்ல முடியவில்லை. ‘விரக்தி’ என்று எழுதலாம், ஆனால் அது துறவியின் வாடை அடிக்கும் சொல். அங்கே ஒரு வாக்கியம் போதும்: “உனக்கு எப்படி வேண்டும் என்று தெரிகிறது, கைதான் கேட்க மாட்டேன் என்கிறது, இல்லையா?” பெயர் இல்லாவிட்டாலும் விவரணை உண்டு. சொல் தேடுவதில் மும்முரமாகிவிடும் என்னைப் போன்றவர்கள் இதைத்தான் மறக்கிறோம்.

எப்போது சொல்வது என்பது எதைச் சொல்வது என்பதைவிட முக்கியம். கட்டைகள் பறந்துகொண்டிருக்கும் நிமிடத்தில் பாடம் நடத்த முடியாது. அப்போது குரலும் மடியும்தான் எட்டும். சொல் பிறகு, கட்டைகளைப் பொறுக்கும்போது. “அழாதே, ஒன்றும் இல்லை” என்பதைக் கூடுமானவரை தவிர்க்கலாம். அன்பாகத்தான் சொல்கிறோம், ஆனால் உள்ளே பெரிதாக ஏதோ இருக்கும்போது ‘ஒன்றும் இல்லை’ என்று கேட்கும் குழந்தை, தன் உடம்பை நம்புவதா அம்மாவை நம்புவதா என்று திணறுகிறது.

சாதாரணப் பேச்சுதான் கடைசியில் அதிகம் சாதிக்கிறது. ஜூடி டன் என்ற உளவியலாளரும் சகாக்களும் 1991இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று வயதில் வீட்டாரோடு உணர்ச்சிகளைப் பற்றி அதிகம் பேசிய குழந்தைகள், ஆறரை வயதில் பிறரின் உணர்ச்சிகளை ஊகிப்பதில் மேலாக இருந்தார்கள். கதை படிக்கும்போது நிறுத்தி, ‘முயல் ஏன் ஓடிப்போனது, அதற்கு அப்போது எப்படி இருந்திருக்கும்?’ என்று கேட்பது, தட்டு கழுவிக்கொண்டே ‘இன்று வேலையில் ஒருவர் பேசியது சுருக்கென்றது, இப்போது பரவாயில்லை’ என்று பெரியவர்கள் தங்களைப் பற்றிச் சொல்வது, இவைதான் அந்தப் பேச்சு. மகள்களோடு வருத்தத்தைப் பற்றிப் பேசும் அளவுக்கு மகன்களோடு பெற்றோர் பேசுவதில்லை என்பதும் சில ஆய்வுகளில் தெரியவந்திருக்கிறது. பையனின் வருத்தம் எல்லாம் கோபம் என்ற ஒரே வாசல் வழியாக வெளியே வந்தால் அவனைக் குற்றம் சொல்வது எப்படி?

ஊகம் தவறலாம். அதனால் சொல்லைக் கேள்வியாகக் கொடுப்பதே பாதுகாப்பு, அதுவும் இரண்டு மூன்றாக: ‘பயமா, கோபமா, இல்லை வேறு ஏதாவதா?’ அந்த ‘வேறு ஏதாவது’தான் குழந்தைக்குக் கதவு. மறுக்க இடம் கிடைத்த குழந்தைதான் சொற்களை உரசிப் பார்க்கக் கற்றுக்கொள்கிறது.

பொம்மைக் கார் மாலைக்குத் திரும்பி வருகிறேன். நண்பன் வேறு பக்கம் உட்கார்ந்தபோது உள்ளே எப்படி இருந்தது என்று கேட்டேன். “இங்கே இழுத்தது” என்று வயிற்றைக் காட்டினான். “அவன் திரும்ப வர வேண்டும், வர வேண்டும் என்று இருந்ததா?” கார் நின்றது. ஆமாம் என்றான், இந்த முறை தலை ஆடவில்லை, வாயால் சொன்னான். அதற்கு ஏக்கம் என்று பெயர் என்றேன். ஏக்கம், ஏக்கம் என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டுக் காரை மறுபடி உருட்டத் தொடங்கினான்.

அடுத்த நாள் காலை, ஷூ மாட்டும் நேரத்தில் முகம் கொஞ்சம் வாடியிருந்தது. நான் புதிதாகக் கற்ற வித்தையைக் காட்டுகிற ஆர்வத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, “ஏக்கமாக இருக்கிறதா?” என்று மெதுவாகக் கேட்டேன்.

யோசித்தான். “இல்லை அப்பா, அது நேற்று. இப்போது ஷூ இறுக்குகிறது.”